மொரீஷியஸில் பவளப்பாறைகளுக்கு நடுவே பாய்மரப் படகில் போவது எப்படி?

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து நண்பர்களோடு வருகிறோம். மொரீஷியஸின் வடக்குத் தீவுகளுக்குப் பாய்மரப் படகில் போக ஆசை. எப்போது வரலாம்? பாறையில் மோதாமல் எப்படிப் போவது?

தைப்பூசக் காவடி பார்க்க வாருங்கள், ஆனால் அப்போது படகை மறந்துவிடுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை எங்களுக்குப் புயல் காலம். ஆடியில் தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். இதே காற்றுதான் பூமத்திய ரேகையைத் தாண்டித் திரும்பி உங்கள் ஊருக்குத் தென்மேற்குப் பருவக்காற்றாக வருகிறது. பழக்கமில்லாதவர்களுக்கு மே, அல்லது அக்டோபர் நல்லது.

காற்றைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது வெயிலைப் பற்றி. பாறையைக் காட்டிக்கொடுப்பது வெயில்தான்.

எனக்குக் கடல் கற்றுக்கொடுத்தவர் மீன்பிடிக்கிற என் மாமா. "தண்ணி நிறத்தைப் படிடா" என்பார். கருநீலம் என்றால் ஆழம். இளம்பச்சை என்றால் மணல். அது வெளுக்க வெளுக்க ஆழம் குறைகிறது. பழுப்பு, மஞ்சள் தெரிந்தால் பவளம், விலகிப் போ. கடற்புல்லும் மேக நிழலும் பவளம் மாதிரியே இருண்டு தெரியும். மேக நிழல் நகரும், பவளம் நகராது. அதனால் சந்தேகம் வந்தால் பாயைத் தளர்த்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

இதெல்லாம் வெயில் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால்தான். ஒருமுறை கிழக்குக் கரையில், த்ரூ தோ தூஸ் பக்கம், மாலை நாலு மணிக்கு மேற்கே பார்த்து உள்ளே நுழைந்தேன். எதிர்வெயிலில் தண்ணீர் முழுக்க வெள்ளித்தகடு. அடிக்கட்டை பவளத்தில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. படகுக்குப் பெரிய சேதமில்லை. மறுநாள் முக்குளித்துப் பார்த்தபோது உடைந்து கிடந்த பவளக்கிளைகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கிளைப்பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும், உருண்டைப் பவளம் அதைவிடவும் மெதுவாக.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். உள்ளூர் ஸ்கிப்பரோடு (படகோட்டியோடு) வடகரை ஊரான கிராண்ட் பேயிலிருந்து விடியற்காலையில் கிளம்புங்கள். கான் தெ மீர் தீவைத் தாண்டும்போது அலை குறுகிக் கலங்கும், உட்கார்ந்துகொள்ளுங்கள். அடுத்து வருவது தட்டைத் தீவு, வடகரையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். பக்கத்தில் காப்ரியேல் தீவு. அப்பாலுள்ள உருண்டைத் தீவு இயற்கைக் காப்பகம், அனுமதியின்றி இறங்கக் கூடாது.

நங்கூரத்தை மணலில் மட்டும் போடுங்கள். காற்று மாறிப் படகு சுழன்றால் சங்கிலி எங்கே இழுபடும் என்பதையும் பாருங்கள்; பவளத்தை அதிகம் அறுப்பது சங்கிலிதான்.

காப்ரியேலின் வெண்மணலில் எல்லாரும் படம் எடுப்பார்கள். 1856-ல் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த கூலித் தொழிலாளர்களைக் காலரா பயத்தால் இங்கேயும் தட்டைத் தீவிலும் இறக்கிவிட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதன்பின் இந்திய அரசு மொரீஷியஸுக்கு ஆள் அனுப்புவதையே சில காலம் நிறுத்தியது. என் முன்னோரும் அப்படிக் கப்பலேறி வந்தவர்கள்தான் என்பதால், அங்கே இறங்கும்போதெல்லாம் ஒரு கட்டிச் சூடம் கொண்டுபோகிறேன்.

பகல் பன்னிரண்டுக்கே திரும்பக் கிளம்புங்கள். இங்கே குளிர்கால உச்சிவெயில் வடக்கே நிற்கும். இரண்டு மணிக்கு கிராண்ட் பேக்குள் தென்கிழக்காக நுழையும்போது வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அடி மணல் வரை தெரியும்.