அமெரிக்காவில் எலக்ட்ரானிக் டைட்டில், லீன் என்றால் என்ன? கார் டீலருக்கு அது எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவில் டைட்டில் என்பது காரின் உரிமைப் பத்திரம். கடனில் வாங்கிய கார் என்றால் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் அதில் ஏறியிருக்கும்; கடன் தீரும்வரை காரின் மேல் வங்கிக்கு இருக்கும் அந்த அடமான உரிமைக்குப் பெயர் லீன். அது நீங்காமல் காரைச் சுத்தமாகக் கைமாற்ற முடியாது. முன்பு இதெல்லாம் காகிதம். புளோரிடா போன்ற மாநிலங்களில் இப்போது வாகனத் துறையின் கணினியில் ஒரு பதிவு, அவ்வளவுதான். பீரோவில் இருந்த பங்குப் பத்திரம் டீமேட் கணக்குக்குப் போனது போல: காகிதம் கையில் இல்லை, உரிமை அப்படியே இருக்கிறது, அடகு வைத்திருந்தால் அந்தக் குறிப்பும் கூடவே இருக்கிறது.

ஏன் மாற்றினார்கள்? காகிதம் தொலையும், தபாலில் தாமதமாகும், லீனை அழித்துவிட்டு காரை விற்கும் மோசடியும் உண்டு.

டீலருக்கு இது எங்கே முக்கியம் என்றால், கடன் பாக்கியுள்ள பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுக்க வாடிக்கையாளர் வரும்போது. பாக்கி எவ்வளவு, அந்தத் தொகை எந்தத் தேதிவரை செல்லும் என்று வங்கியிடம் கேட்டு டீலர் கட்டுகிறார். லீனை நீக்கும் தகவலை வங்கி மாநிலத்துக்கு மின்னணு முறையில் அனுப்புகிறது. அப்புறம்தான் டைட்டில் வில்லங்கம் இல்லாமல் வரும். காரை வேறு மாநிலத்துக்கு விற்பதென்றால் பெரும்பாலும் காகிதமாக அச்சிட்டு வாங்க வேண்டியிருக்கும், அந்த நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசித் தவணை கட்டிய நொடியே லீன் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள்; இல்லை, வங்கி தகவல் அனுப்பி மாநிலப் பதிவு மாறும்வரை அது அங்கேயேதான் இருக்கும்.