ஃப்ளோ சைட்டோமெட்ரி செல்களை எப்படி அடையாளம் காண்கிறது?

வேலூரில் அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் சந்தேகத்தில் இந்த டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள், அது என்ன செய்யும் என்று கேட்டிருந்தீர்கள்.

பள்ளிகொண்டா டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கும்பலாக வரும் வண்டிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். அதேபோல ரத்தச் செல்கள் மெல்லிய திரவ ஓட்டத்தில் வரிசையாக வந்து லேசரைக் கடக்கும், நொடிக்கு ஆயிரக்கணக்கில். முன்பக்கம் சிதறும் ஒளி செல்லின் பருமனைச் சொல்லும். பக்கவாட்டில் சிதறுவது உள்ளிருக்கும் துகள்களை.

ஆனால் முக்கியமானது ஒளிரும் சாயம்தான். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி3, சிடி19 போன்ற ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியோடு சாயத்தை இணைத்திருப்பார்கள். மின்னும் நிறத்தை வைத்து செல்லின் வகை தெரியும். மைக்ராஸ்கோப்பில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனால் பி வகையா டி வகையா என்பதைப் பொறுத்து சிகிச்சையே மாறும். அதனால்தான் இந்த டெஸ்ட் அவ்வளவு அவசியம்.

செல்களைப் பிரித்தெடுக்க சார்ட்டர் என்ற கருவி உண்டு. ஓட்டம் துளிகளாக உடையும்போது, வேண்டிய செல் உள்ள துளிக்கு மின்னூட்டம் கொடுப்பார்கள். மின்தகடுகள் அதைத் தனிக் குழாய்க்குத் திருப்பிவிடும். இங்க்ஜெட் பிரிண்டர் நுட்பத்திலிருந்து மேக் ஃபுல்வைலர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1965-ல் உருவாக்கியது இந்தக் கருவி. அப்பாவுக்கு அது தேவைப்படாது, பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான்.

அப்புறம், ரத்தத்தை ஊரில் எடுத்து அனுப்பாமல் நேரில் போய்க் கொடுங்கள். நாள்பட்டால் செல்கள் செத்துப்போய் சாயத்தைக் கண்டபடி பிடித்துக்கொள்ளும்.