பெரிய ஐமேக் வருமா? உங்கள் ஆசைகளும் என் பதில்களும்

திரையும் கணினியும் ஒரே உடம்பில் இருக்கும் 27 இன்ச் ஐமேக்கை 2022 மார்ச்சில் ஆப்பிள் சத்தமில்லாமல் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக எது வரும், எந்த வடிவில் வரும் என்ற பேச்சு 2025 நவம்பரிலும் ஓயவில்லை. மேக் பழுதுபார்ப்பதும், அச்சகங்களுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் மேக் அமைத்துக் கொடுப்பதும் என் பிழைப்பு என்பதால் வாசகர்கள் தங்கள் ஆசைப் பட்டியலையும் கேள்விகளையும் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஆப்பிளுக்குள் எனக்கு ஆள் கிடையாது. தேதி வேண்டுபவர்கள் கிளி ஜோசியரைப் பார்க்கலாம்.

அச்சக உரிமையாளர் ஒருவர்: சார், எங்களிடம் 2020 மாடல் 27 இன்ச் ஐமேக் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய ஐமேக் மறுபடி வருமா? வரும்வரை இதையே ஓட்டலாமா?

2023 நவம்பரில், எம்3 சிப் போட்ட ஐமேக் கடைக்கு வந்த சமயத்தில், ஆப்பிள் சிலிகானில் (ஆப்பிள் தானே வடிவமைக்கும் சிப்புகளில்) 27 இன்ச் ஐமேக் செய்யும் திட்டம் இல்லை என்று ஆப்பிளே செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டது. ஆனால் சொன்னது 27 பற்றி மட்டும்தான். 30, 32 பற்றி வாய் திறக்கவில்லை. இன்று உலவும் வதந்திகள் எல்லாம் அந்தச் சின்ன இடைவெளியில் முளைத்தவை.

எனக்கு நம்பிக்கை குறைவாக இருப்பதற்குக் காரணம் கணக்குதான். 2020-இல் 27 இன்ச் ஐமேக் 1,799 டாலரில் தொடங்கியது. திரை, கணினி, கீபோர்டு, மவுஸ் எல்லாம் அதற்குள். 2025 நவம்பரில், ஆப்பிளின் 27 இன்ச் தனித் திரையான ஸ்டூடியோ டிஸ்பிளே மட்டுமே 1,599 டாலர். திரை இல்லாத குட்டிக் கணினியான 599 டாலர் மேக் மினியைச் சேர்த்தால் 2,198. கீபோர்டும் மவுஸும் தனிக்காசு. நம் ஊரில் திரை 1,59,900 ரூபாய், மினி 59,900 ரூபாய். ஒரே பெட்டியில் கொடுத்ததை இரண்டாக்கிக் கூடுதல் விலைக்கு விற்க முடிகிறபோது பழையபடி சேர்த்துத் தருவார்களா? தந்தாலும் அது 1,799-க்கு வராது. முன்பு ஐமேக் ப்ரோ வந்ததைப் போல மேல்தட்டு விலையில்தான் வரும். அது 2017-இல் 4,999 டாலர் என்பது நினைவிருக்கட்டும்.

உங்கள் 2020 இயந்திரத்துக்கு மேக்ஓஎஸ் (மேக்கின் இயங்குதளம்) டஹோ கிடைக்கும். உங்களுடையதைப் போல இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு அதுதான் கடைசி மேக்ஓஎஸ். பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குப் பிறகும் சில காலம் வரும். அதனால் அவசரம் இல்லை, ஆனால் மாற்று ஏற்பாட்டை இப்போதே யோசித்து வையுங்கள். ஐமேக் ப்ரோவோ 2019 ஐமேக்கோ வைத்திருப்பவர்களுக்கு டஹோவே கிடையாது.

வடிவமைப்பு படிக்கும் மாணவி: திரைக்குக் கீழே பட்டையாக இருக்கும் அந்தத் தாடையை எடுத்துவிட்டால் ஐமேக் எவ்வளவு அழகாக இருக்கும்! அடுத்த வடிவத்திலாவது எடுப்பார்களா?

எல்லா ஆசைப் பட்டியலிலும் முதல் வரி இதுதான். தாடை அங்கே ஏன் இருக்கிறது என்று பார்த்தால் அதை எடுப்பதன் விலை தெரியும்.

2004-இல் வந்த ஐமேக் ஜி5 முதல் 2020 வரை, கணினியின் பெரும்பகுதி திரைக்குப் பின்னால்தான் இருந்தது. 2012 முதல் வந்தவற்றில் பின்பக்கம் நடுவில் வயிறு போலப் புடைத்திருக்கும். 2021-இல் வந்த 24 இன்ச் ஐமேக்கில் இதை மாற்றினார்கள். மெயின் போர்டும் விசிறிகளும் தாடைக்குள் இறங்கிவிட்டன. திரைக்குப் பின்னால் பெரும்பகுதி வெறும் தகடு. அதனால்தான் மொத்தத் தடிமன் 11.5 மில்லிமீட்டரில் நிற்கிறது. அப்படியும் பவர் சப்ளைக்கு உள்ளே இடமில்லாமல் வெளியே அடாப்டராகப் போனது. ஈதர்நெட் துளையும் அந்த அடாப்டருக்கே குடிபோனது. ஹெட்போன் பின்னைச் சொருக ஆழம் போதாமல் அந்தத் துளை இடது விளிம்புக்கு வந்தது. இத்தனையும் ஒரு மெல்லிய விளிம்புக்காக.

தாடையை எடுத்தால் போர்டு மறுபடி திரைக்குப் பின்னால் போக வேண்டும், உடம்பு தடிக்க வேண்டும். ஸ்டூடியோ டிஸ்பிளேயைப் பாருங்கள்: தாடை கிடையாது, பவர் சப்ளையும் விசிறிகளும் உள்ளேயே, ஆனால் ஐமேக்கை விடத் தடிமன். என்னைக் கேட்டால் அந்தத் தடிமனே நல்லது. மேசைமேல் உட்கார்ந்திருக்கும் கணினியைப் பக்கவாட்டில் இருந்து யார் பார்க்கப்போகிறார்கள்?

வடிவ மோகத்தால் வரும் கேட்டுக்கு ஆப்பிளிடமே உதாரணம் உண்டு. 2013-இல் வந்த உருளை வடிவ மேக் ப்ரோவை, வெப்பத்தைப் பொறுத்தவரை தாங்களே ஒரு மூலையில் போய் மாட்டிக்கொண்ட வடிவமைப்பு என்று அந்த நிறுவனத்தின் கிரெய்க் ஃபெடரிகி 2017-இல் ஒத்துக்கொண்டார். அடுத்த மேக் ப்ரோ வர 2019 ஆனது. வடிவத்தை முதலில் முடிவு செய்துவிட்டு உள்ளே இருப்பதை அதற்குள் திணித்தால் இப்படித்தான் ஆகும்.

தேதி மட்டும் சொல்லுங்கள் அண்ணா, போதும்.

முதல் பத்தியைப் படியுங்கள் தம்பி.

வீடியோ எடிட்டர்: 32 இன்ச், 4கே, விலை குறைவாக. இவ்வளவுதான் என் ஆசை. 4கே பேனல் இப்போது மலிவுதானே?

பேனல் மலிவுதான், ஆனால் மேக்ஓஎஸ் அதற்கு ஒத்துவராது. 2009-இல் வந்த 27 இன்ச் ஐமேக்கில் 2560-க்கு 1440 புள்ளிகள். 2014-இல் 5கே வந்தபோது நீளம், உயரம் இரண்டையும் சரியாக இரண்டு மடங்காக்கி 5120-க்கு 2880 ஆக்கினார்கள். எழுத்தும் பட்டனும் அதே அளவில் இருந்தன, கூர்மை மட்டும் கூடியது. அன்று முதல் ஒரு இன்ச்சுக்கு 218 புள்ளி என்பதை ஆப்பிள் விடவே இல்லை. 24 இன்ச்சில் 4.5கே, 27-இல் 5கே, 32 இன்ச் ப்ரோ டிஸ்பிளேயில் 6கே என எல்லாமே 218-தான்.

32 இன்ச்சில் 4கே என்றால் இன்ச்சுக்கு 138 புள்ளிதான் வரும். இரட்டித்துக் காட்டினால் எல்லாம் குழந்தைகள் புத்தகம்போலப் பெரிதாகத் தெரியும். இடைப்பட்ட அளவில் வைத்தால், ஓஎஸ் முதலில் பெரிதாக வரைந்து பிறகு சுருக்குவதால் எழுத்து லேசாக மழுங்கும். 2018-இல் மேக்ஓஎஸ் மொஹாவே வந்தபோது பழைய எழுத்து மெருகூட்டும் முறையையும் எடுத்துவிட்டதால் குறைந்த அடர்த்தித் திரைகளில் இது இன்னும் நன்றாகக் கண்ணில் படுகிறது. தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். பக்க வடிவமைப்பு செய்பவர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே 32 இன்ச் ஐமேக் வந்தால் அது 6கே. விலையை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

பழைய 27 ரசிகர்: பின்பக்கம் சின்னக் கதவைத் திறந்து ரேம் போடுவோமே, அது திரும்ப வர வேண்டும்.

வராது. 2020 மாடலில் நாமே 128 ஜிபி வரை போட முடிந்தது உண்மை. ஆப்பிள் சிலிகானில் மெமரி சிப்புகள் பிராசசரோடு ஒரே பொதியில் உட்கார்ந்திருக்கின்றன. கணக்குப் போடும் சிபியூவும் படம் வரையும் ஜிபியூவும் அதே மெமரியைப் பகிர்கின்றன. எம்4 சிப்பில் அந்த மெமரிப் பாதை நொடிக்கு 120 ஜிகாபைட், எம்4 மேக்ஸில் 546 வரை போகிறது. தனியாகச் சொருகும் ரேமில் அந்த வேகம் கிடைக்காது.

நான் எல்லோரிடமும் சொல்லிச் சலித்ததை இங்கேயும் சொல்கிறேன்: ரேமை வாங்கும் அன்றே முடிவு செய்யுங்கள். பிறகு கூட்ட முடியாது. ஆப்பிள் கேட்கும் ஸ்டோரேஜ் விலைக்குப் பயந்து ரேமைக் குறைக்காதீர்கள். ஸ்டோரேஜை வெளியே தண்டர்போல்ட் என்ற வேகமான கேபிள் துளையில் மாட்டிக்கொள்ளலாம். ரேமை வெளியே மாட்ட முடியாது.

இப்போது எம்4 ஐமேக் வாங்கலாமா, காத்திருக்கலாமா?

வேலை இன்று இருந்தால் இன்று வாங்குங்கள்.

மேக் மினி வாங்கலாமா, பெரிய ஐமேக்குக்குக் காத்திருக்கலாமா?

மேலே இருக்கும் பதிலேதான். மினியில் ரேமைக் கவனியுங்கள்.

டச் ஸ்கிரீன்?

உங்கள் மேசைக்கு முன் உட்கார்ந்து, திரையை நோக்கிக் கையை நீட்டியபடி பத்து நிமிடம் இருந்து பாருங்கள்.

சார்ஜ் போடும் துளை மேஜிக் மவுஸுக்கு அடியிலேயே இருக்கிறதே?

2015 முதல் அங்கேதான். 2024-இல் யூஎஸ்பி-சிக்கு மாற்றினார்கள், இடத்தை மாற்றவில்லை. இதற்கு விளக்கம் தரக்கூடிய நிபுணர் நான் இல்லை.

கணினி அசெம்பிள் செய்யும் கடைக்காரர்: நீங்கள் எல்லோரும் தவறான பொருளுக்கு ஆசைப்படுகிறீர்கள். திரை பத்து வருடம் உழைக்கும், கணினி ஆறு வருடம். இரண்டையும் ஒட்டி விற்றால் கணினியோடு நல்ல திரையும் குப்பைக்குப் போகிறது. ஐமேக் என்ற எண்ணமே ஏமாற்று.

இதுதான் இன்றைய நல்ல கேள்வி. பாதி ஒத்துக்கொள்கிறேன். என் பட்டறையில் மூலையில் நிற்கும் 5கே ஐமேக்குகளைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. திரைகள் பளிச்சென்று இருக்கின்றன, உள்ளே இருப்பவைதான் காலாவதி.

ஆனால் ஏமாற்று என்பது அநியாயம். 2014-இல் டெல் தனது 5கே மானிட்டரை 2,499 டாலர் என்று அறிவித்தது. அடுத்த மாதமே ஆப்பிள் அதே 2,499 டாலருக்கு 5கே திரையோடு முழுக் கணினியையும் கொடுத்தது. அந்த டெல் மானிட்டருக்குப் படம் கொண்டுபோக இரண்டு டிஸ்பிளேபோர்ட் கேபிள் வேண்டும். அன்று ஐமேக் வாங்கியவர் ஏமாளியா?

கடைக்காரர்: அது 2014. இன்று 5கே மானிட்டர்கள் எத்தனையோ கம்பெனிகள் விற்கின்றன. இன்று சொல்லுங்கள்.

இன்று உங்கள் பக்கம் கனம் கூடிவிட்டது, சரி. ஆனாலும் மருத்துவமனை வரவேற்பு மேசை, பள்ளி லேப், வயதான அப்பா அம்மா என்று ஒரே கேபிளில் முடிய வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே போய் எந்த மானிட்டர், எந்த ஹப் என்று வகுப்பெடுக்க முடியாது.

அச்சக உரிமையாளர்: குறுக்கே வருகிறேன். ஐமேக்கைப் பழசாக விற்றாலும் நல்ல பணம் வரும். அசெம்பிள் செட்டுக்கு யார் தருவார்கள்?

கடைக்காரர்: ஓஎஸ் அப்டேட் நின்ற மறுநாள் போய் விற்றுப் பாருங்கள்.

இருவரும் சரி. இந்தச் சண்டை தீர ஒரே ஒரு துளை போதும்: உள்ளே வரும் வீடியோ. இது புதுக் கற்பனை இல்லை. 2009 முதல் 2014 நடுப்பகுதி வரை வந்த பல ஐமேக்குகளில் டார்கெட் டிஸ்பிளே மோட் என்ற வசதி இருந்தது. வேறொரு மேக்கைக் கேபிளில் இணைத்தால் ஐமேக் வெறும் மானிட்டராக மாறிவிடும். 5கே வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். அன்று காரணம் நியாயமானது. நொடிக்கு 60 முறை 5கே படத்தை அனுப்ப 21 ஜிகாபிட்டுக்கு மேல் வேண்டும். அன்றைய டிஸ்பிளேபோர்ட் 1.2 கேபிளில் 17 ஜிகாபிட் சொச்சம்தான் போகும். உள்ளேயே ஆப்பிள் தனியாக ஒரு கன்ட்ரோலர் சிப் செய்ய வேண்டியிருந்தது.

இன்று தண்டர்போல்ட்டில் 40 ஜிகாபிட் போகிறது, தண்டர்போல்ட் 5-இல் 80. அந்தக் காரணம் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. 2019 முதல் வந்த ஐமேக்குகளில், ஒரு கருவியின் படத்தை இன்னொன்றுக்கு அனுப்பும் ஏர்பிளே மூலம் வேறொரு மேக்கின் படத்தைக் காட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். படம் அமுக்கப்பட்டு வருவதால் கூர்மை குறையும், மவுஸ் ஒரு கணம் பிந்தும். படம் பார்க்க ஆகும், பக்கம் போட ஆகாது.

என் ஆசைப் பட்டியலில் ஒரே வரிதான் இருக்கிறது: எத்தனை இன்ச் வேண்டுமானாலும் வரட்டும், தாடையோடு வரட்டும், வெளியிலிருந்து படம் வாங்கும் துளை ஒன்று இருக்கட்டும்.

கடைக்காரர்: ஆப்பிள் அதைச் செய்யவே செய்யாது. செய்தால் ஸ்டூடியோ டிஸ்பிளேயை யார் வாங்குவார்கள்?

செய்யாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆசைப் பட்டியல் என்றுதானே கேட்டார்கள்.

பெரிய ஐமேக் என்ன கலரில் வரும் அண்ணா?

அடுத்து.

கேமிங்குக்கு எந்த ஐமேக்?

மேலே ஒரு கடைக்காரர் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

காத்திருக்கலாமா, இப்போதே...

ஐயா, போதும்.

புகைப்படக்காரர்: 2015 மாடல் 5கே ஐமேக், போர்டு போய்விட்டது. திரையை மட்டும் மானிட்டராக மாற்ற முடியும் என்கிறார்களே, செய்யலாமா?

செய்யலாம். வெளியிலிருந்து வரும் படத்தைப் பேனலுக்குக் கொடுக்கும் கன்ட்ரோலர் போர்டுகள் சீனாவிலிருந்து கிடைக்கின்றன. வாங்கும் முன் பேனலைக் கழற்றி, பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணைக் குறித்து, போர்டு விற்பவரிடம் அது பொருந்துமா என்று கேளுங்கள். 2014 மாடலும் 2017 மாடலும் வெளியே ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே பேனல் ஒன்றல்ல. 2012 முதல் திரை உடம்போடு பசைப்பட்டையால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஸ்குரூ இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் சக்கரத்தால் பசையை அறுத்துக்கொண்டே வர வேண்டும். கத்தி வேண்டாம், பேனல் கீறிவிடும். புதுப் பசைப்பட்டையை முன்பே வாங்கி வையுங்கள், பழையது மறுபடி ஒட்டாது. உள்ளே இருக்கும் பவர் சப்ளை போர்டு மூடாமல் திறந்தபடியே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வெறும் கையால் அதைத் தொடாதீர்கள். இதில் பழக்கம் இல்லையென்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். கேமராவும் ஸ்பீக்கரும் இந்த மாற்றத்தில் பெரும்பாலும் வேலை செய்யாது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.