சரிபார்ப்பதும் திருத்துவதும் – கடிதம்

வணக்கம் ஐயா.

பினாங்கில் ஒரு சிறிய சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். மொத்தம் 14. வட்டு இடம், காப்புப் பிரதி, சான்றிதழ் காலாவதி ஆகியவற்றைப் பார்க்கும் பேஷ் ஸ்கிரிப்ட்கள் (லினக்ஸ் கட்டளைகளைத் தொகுத்த சிறு நிரல்கள்) நான் எழுதியவை. சில, கோளாறைக் கண்டால் தாமே சரிசெய்தும் விடும். இந்த ஆண்டு தைப்பூசத்தன்று நான் தண்ணீர்மலையில் இருந்தபோது ஒரு சர்வர் நின்றுவிட்டது. பணியில் இருந்தவருக்கு எந்த ஸ்கிரிப்ட் என்ன செய்யும் என்பது தெரியவில்லை. முறையான திறமூலக் கருவி ஒன்றுக்கு மாறுங்கள் என்கிறது நிர்வாகம். சர்வர்களின் அமைப்புகளை நிர்வகிக்கும் ஆன்சிபிள், பப்பெட் ஆகிய கருவிகளில் எதைக் கற்பது? என் ஸ்கிரிப்ட்களைக் கைவிட வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்கிரிப்ட்களைக் கைவிட வேண்டாம். ஆனால் எந்தக் கருவி என்ற கேள்விக்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒன்றைப் பேச வேண்டும். சரிபார்க்கும் வேலையும் திருத்தும் வேலையும் ஒரே ஸ்கிரிப்டில் இருப்பதுதான் உங்கள் சிக்கலின் வேர் என்று கருதுகிறேன். அவற்றைப் பிரிக்காமல் எந்தக் கருவிக்கு மாறினாலும் அந்தச் சிக்கல் கூடவே வரும்.

வட்டு நிறைந்தால் பழைய பதிவுக் கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை லினக்ஸில் அழித்தால் அதன் பெயர்தான் மறையும். அந்த நிரல் கோப்பை மூடும்வரை வட்டில் இடம் விடுபடாது. ஸ்கிரிப்ட் அழித்துவிட்டு மறுபடி அளக்கும், இடம் கூடவில்லை என்று கண்டு அடுத்த கோப்பையும் அழிக்கும். கடைசியில் வட்டும் நிறைந்தே இருக்கும், காரணத்தைக் காட்டியிருக்கக்கூடிய பதிவுகளும் போயிருக்கும். இடம் ஏராளமாக இருந்தும் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் தேவைப்படும் பதிவிடங்கள்) தீர்ந்துபோய்ப் புதிய கோப்பை உருவாக்க முடியாத நிலையும் உண்டு. அதற்கு இந்த ஸ்கிரிப்டிடம் பதிலே இல்லை. ஆகவே சரிபார்ப்பு ஸ்கிரிப்ட் பார்க்கட்டும், சொல்லட்டும், எதையும் தொடாமல் விடட்டும்.

எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு நல்ல மரபு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஈத்தன் கால்ஸ்டாட் 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டு, பின்னர் நாகியோஸ் எனப் பெயர் மாறிய கண்காணிப்பு மென்பொருளில், ஒவ்வொரு சோதனையும் ஒரு வரியில் நிலையைச் சொல்லிவிட்டு ஓர் எண்ணுடன் முடியும்: 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. உங்கள் ஸ்கிரிப்ட்களை இந்த ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் நாகியோஸ், ஐசிங்கா போன்ற கருவிகள் அவற்றை அப்படியே இயக்கும். பணியில் இருப்பவர் உங்கள் பேஷைப் படிக்காமலேயே நிலையைப் புரிந்துகொள்வார். இதில் நான் பெரிதாக மதிப்பது 3ஐத்தான். சர்வரை எட்டவே முடியாத சோதனை ‘நலம்’ என்று சொல்லிவிடுவதைவிடக் கெடுதலானது வேறில்லை, பேஷில் இது மிக எளிதாக நேரும். குழாய்க்குறியால் (|) கோத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் முடிவுதான் கணக்கில் வரும். முதல் கட்டளை தோற்றாலும் 0 வரலாம். இடையில் எது தோற்றாலும் தோல்வி என்றே காட்டும் ‘பைப்ஃபெயில்’ (pipefail) அமைப்பை ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் இடுங்கள். ஷெல்செக் என்ற இலவசக் கருவியில் எல்லா ஸ்கிரிப்ட்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மேற்கோள்குறி இல்லாமல் விட்ட மாறிகளை அது வரி எண்ணோடு காட்டும்.

இனி திருத்தும் வேலை. செய்ய வேண்டிய படிகளை எழுதாமல், சர்வர் இருக்க வேண்டிய நிலையை எழுது என்ற எண்ணத்தை, ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் பர்ஜெஸ் 1993இல் சிஎஃப்எஞ்சின் வழியாகக் கொண்டுவந்தார். 2005இல் பப்பெட்டும் 2012இல் ஆன்சிபிளும் அந்த வழியிலேயே வந்தன. இதன் அருமை, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் அமைவுக் கோப்பில் நன்றாகத் தெரியும். ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) நேரடியாக நுழையக் கூடாது என்ற வரியைக் கோப்பின் இறுதியில் சேர்க்கும் ஸ்கிரிப்டைப் பத்து முறை ஓட்டினால் பத்து வரிகள் சேரும். அதைவிட மோசமானது, ஒரே அமைப்பு இருமுறை வந்தால் எஸ்எஸ்எச் பெரும்பாலும் முதலில் வந்ததையே ஏற்கும் என்பது. மேலே ‘ஆம்’ என்று ஒரு வரி இருந்தால் கீழே நீங்கள் சேர்த்த ‘இல்லை’ செல்லாது. ஸ்கிரிப்டோ வெற்றி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். ஆன்சிபிளில் முழுக் கோப்பையும் வார்ப்புருவாக வைத்து, நிறுவும் முன் எஸ்எஸ்எச்சின் சொந்தச் சோதனைக் கட்டளையால் அதைச் சரிபார்க்கச் சொல்லலாம். மீண்டும் ஓட்டினால், மாறாத கோப்பை அது தொடாது.

உங்கள் 14 சர்வர்களுக்கு ஆன்சிபிளே போதும். எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் வேலை நடக்கும். ஒவ்வொரு சர்வரிலும் தனி முகவர் நிரல் நிறுவ வேண்டியதில்லை. பப்பெட்டின் முகவர் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரை நாம் எழுதிவைத்த நிலைக்கே திருப்பும். சர்வர்கள் நூற்றுக்கணக்கில் இருந்து, பலர் கைவைக்கும் இடங்களில் அது மிகவும் தேவைப்படும். உங்களுக்கு அது பராமரிக்க வேண்டிய இன்னொரு சுமையாகிவிடும்.

ஆனால் ஆன்சிபிளைத் தொடுவதற்கு முன்பே எட்ஸிகீப்பரை நிறுவுங்கள். அமைவுக் கோப்புகள் உள்ள கோப்புறையை அது கிட் (Git) என்ற மாற்றப் பதிவுக் கருவியில் பதிந்து வைத்து, மென்பொருள் பொதிகள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மாற்றங்களையும் பதியும். கடவுச்சொற்களும் அதில் பதிவாகும் என்பதால் அந்தக் களஞ்சியத்தை வெளியே எங்கும் ஏற்ற வேண்டாம். ஆன்சிபிள் கோப்புகளில் வரும் கடவுச்சொற்களை ஆன்சிபிள் வால்ட்டால் பூட்டி வையுங்கள்.

ஆன்சிபிளில் முதல் வேலையாக நேர அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். வாடகைச் சர்வர்கள் பல உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். அங்கே நள்ளிரவு என்பது நமக்குக் காலை 8 மணி, நள்ளிரவுக்கென்று குறித்த காப்புப் பிரதி லாரிகள் கிளம்பும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதிக முக்கியமில்லாத ஒரு சர்வரில், மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும் முறையில், வேறுபாடுகளைக் காட்டச் சொல்லி ஓட்டுங்கள். நேரடிக் கட்டளைகளை அந்த முறை தாண்டிச் சென்றுவிடும் என்பதால் அவற்றை மட்டும் தனியே கவனியுங்கள். வரும் பட்டியலில் உங்களால் விளக்க முடியாத வேறுபாடு ஒன்று இருந்தாலும், அதன் காரணம் தெரியும்வரை அந்தச் சர்வரில் மாற்றத்தைச் செயல்படுத்த வேண்டாம்.