1000-இல் சிகரம் இருந்தால் ஜியோபாலிமர் ஆகிவிடுமா?

சிங்கப்பூர் துவாசில் சிறிய ப்ரீகாஸ்ட் (முன்வார்ப்புக் கான்கிரீட்) பட்டறை நடத்தும் வாசகர் கேட்கிறார்: “ஜியோபாலிமர் சிமெண்ட் என்று ஏஜெண்ட் ஒருவர் பவுடர் விற்கிறார். சான்றாக அகச்சிவப்பு நிறமாலை ரிப்போர்ட் காட்டுகிறார். அலை எண் 1000 அருகே பெரிய சிகரம் இருக்கிறது. நம்பலாமா?”

அந்த ஒரு தாளை வைத்து நம்பாதீர்கள். ஜியோபாலிமர் என்பது சிலிக்கானும் அலுமினியமும் உள்ள பவுடரைக் காரக் கரைசலோடு வினைபுரிய வைத்து இறுக்குவது; வழக்கமான போர்ட்லண்ட் சிமெண்ட் அல்ல. அகச்சிவப்பு நிறமாலை, சாம்பிள் எந்த அலை எண்ணில் ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் கோடு. சிகரம் இருக்கும் இடம் பிணைப்பைச் சொல்லும். சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு எதில் இருந்தாலும் அந்தப் பக்கம் சிகரம் வரும். மணலில் வரும்; இறுகிய போர்ட்லண்ட் சிமெண்டிலும் 970 அருகே வரும். பார்க்க வேண்டியது, சிகரம் நகர்ந்ததா என்பதை. மெட்டாகாவோலின் (சுட்ட களிமண்) பவுடரில் 1080-ஐ ஒட்டி இருப்பது, காரக் கரைசலோடு வினை நடந்ததும் 1000 பக்கம் இறங்கும். சிலிக்கான் வலைக்குள் அலுமினியம் நுழைவதால் வரும் இறக்கம் அது.

ஆகவே கலப்பதற்கு முந்தைய பவுடர், இறுகிய கட்டி, இரண்டின் கோடும் ஒரே தாளில் வேண்டும். இளைத்துவிட்டேன் என்பவரின் இன்றைய எடையை மட்டும் பார்த்து என்ன சொல்ல முடியும்? ஏஜெண்டுகள் கொண்டுவருவது பெரும்பாலும் இரண்டாவது கோடு மட்டும்தான். அதுவும் சில சமயம் வேறு யாருடைய சாம்பிளோ! சாம்பிள் எண்ணையும் தேதியையும் உங்கள் டெலிவரி ஆர்டரோடு ஒத்துப் பாருங்கள். இங்கே ஃபைலில் ரிப்போர்ட் இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்பதோடு சரி. கோட்டைப் படிக்க ஆளில்லை. இந்த வியாபாரம் நடப்பதே அதனால்தான்.

3450, 1650 இரண்டும் ஈரம். நம் ஊர்க் காற்றில், சோதிக்க சாம்பிளைச் சேர்த்து அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு வில்லை, செய்வதற்குள்ளேயே தண்ணீரைக் குடித்துவிடும், அதை விடுங்கள். 1450 பக்கம் வருவது கார்பனேட். பெரும்பாலும் சாம்பிளைத் திறந்து போட்டிருப்பார்கள்.

ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்த சரக்கு என்றால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். ஸ்லாக்கில் கால்சியம் அதிகம். அதனால் சிகரம் 950-970 வரை இறங்கி, போர்ட்லண்ட் சிமெண்டின் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அதைப் பார்த்து ஏஜெண்டை மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அப்போது 3640-ஐப் பாருங்கள். அங்கே கூரான சின்னச் சிகரம் தெரிந்தால் அது கால்சியம் ஹைட்ராக்சைடு. போர்ட்லண்ட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தெரியாவிட்டாலும் முழுத் தெளிவு இல்லை, காற்றுப்பட்டால் அதுவும் கார்பனேட்டாக மாறிவிடும். எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் (உள்ளே என்னென்ன படிகங்கள் என்று காட்டும் சோதனை) ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று, இந்தக் கோட்டில் பலம் தெரியாது. “நல்ல சிகரம், நல்ல பலம்” என்று ஏஜெண்ட் ஆரம்பித்தால் கியூப் டெஸ்ட் (கட்டியை நசுக்கிப் பலம் பார்க்கும் சோதனை) ரிசல்ட் எங்கே என்று கேளுங்கள்.