படையலில் ஓர் இடம்

அன்புள்ள ஐயா,

எனக்கும் என் கணவருக்கும் இது மறுமணம். என் முதல் கணவர் சாலை விபத்தில் இறந்தார். அவர் மூலம் எனக்கு 9 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இவருடைய முதல் மனைவி நோயில் தவறிவிட்டார். 14 வயதில் மகளும் 11 வயதில் மகனும் உண்டு. எங்களுக்கு ஒரு கைக்குழந்தை. மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம் என்று வீட்டில் மொத்தம் 11 பேர். மற்ற நாட்கள் எப்படியோ ஓடிவிடுகின்றன. பண்டிகை வந்தால்தான் தவிப்பு. சென்ற போகியன்று இவருடைய முதல் மனைவிக்குப் பூவாடைக்காரி படையல் போட்டபோது, என் மகள் எல்லார் முன்னாலும், "எங்க அப்பாவுக்கு எப்ப படைப்பீங்க?" என்று கேட்டுவிட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. மூத்த பெண் இன்றுவரை என்னை எந்த முறை சொல்லியும் அழைப்பதில்லை. என் மகளின் இனிஷியலை மாற்றிவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். நான் என்ன செய்வது?

ஒரு வாசகி,
திருவண்ணாமலை மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. நம் வட மாவட்டங்களில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரியாக வரித்து, புதுச்சேலையும் மஞ்சளும் வளையலும் பூவும் வைத்துப் படைக்கிறோம். அதனால் இளையதாரம் வந்த பிறகும் மூத்தவளுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருக்கிறது. மறுமணம் செய்துகொண்டு வருகிற பெண்ணின் இறந்துபோன கணவருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. விதவை மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. பழைய தாலியை அறுத்துவிட்டு மறுமணம் செய்துகொள்ளும் ‘அறுத்துக்கட்டும்’ வழக்கம் சில சமூகங்களில் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அப்படி வருகிறவள் பழைய நினைவை வாசலுக்கு வெளியிலேயே இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும் என்றே ஊர் எதிர்பார்த்தது. நீங்கள் ஒருவேளை இறக்கி வைத்திருக்கலாம். அந்தப் பிள்ளையால் எப்படி முடியும்?

நானும் சித்தியிடம் வளர்ந்தவன். அவர் வந்த முதல் வருடப் படையலுக்கு முந்தைய நாள், அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்க்காமலேயே, "உங்க அம்மாவுக்கு என்னடா பிடிக்கும்?" என்று கேட்டார். கேழ்வரகு அடை என்றேன். மறுநாள் வடை பாயசத்தோடு, அந்தக் கீரையைப் போட்டுத் தட்டிய இரண்டு அடைகளும் இலையில் இருந்தன; சேலை முந்தியில் மஞ்சள் தடவி மணையில் வைத்ததும் அவர்தான். அதற்காக நான் அன்றே அவரைச் சித்தி என்று அழைத்துவிடவில்லை. அதற்கு இன்னும் ஒரு வருடம் ஆயிற்று; அதுவரை "இந்தாங்க" என்றுதான் கூப்பிட்டேன், அவரும் ஒருநாள்கூட அதைக் குறையாகச் சொன்னதில்லை. தாயின் தங்கையை அழைக்கிற சொல்லாலேயே தகப்பனின் இளைய மனைவியையும் அழைக்கிற மொழி நம்முடையது என்பதால், உங்கள் மூத்த பெண்ணுக்கும் அந்தச் சொல் தயாராகவே இருக்கிறது. அவள் எடுத்துக்கொள்ளும்போது எடுத்துக்கொள்ளட்டும். மாமியாரோ கணவரோ அவளை வற்புறுத்த விடாதீர்கள்.

இனிஷியல் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். கணவரை இழந்து மறுமணம் செய்துகொண்ட ஒரு தாயின் வழக்கில், பிள்ளையின் குடும்பப்பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆவணங்களில் புதிய கணவரை மாற்றாந்தந்தை என்று குறிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு ஏறக்குறையக் கொடூரமானது என்றும் கண்டித்தது. ஆகவே முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது, உறவினர்களுடையது அல்ல. அவளாகக் கேட்காத வரை மாற்றாதீர்கள் என்பது என் எண்ணம். அப்பாவிடமிருந்து அவளிடம் மிஞ்சியிருப்பது அந்த ஓர் எழுத்தாகக்கூட இருக்கலாம். எழுத்தை மாற்றினாலும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவள் உங்கள் கணவரின் வாரிசாகிவிட மாட்டாள். அவளுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அவர் உயில் எழுதி வைக்கலாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் ஊகிக்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தாய்மாமன் வீட்டிலிருந்து மூத்தவர்கள் இருவருக்கும் புதுத்துணி வரும், உங்கள் மகள் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சீரைத் தடுக்காதீர்கள். அது இறந்துபோன தாயின் பிறந்த வீடு இன்னும் பிள்ளைகளை விட்டுவிடவில்லை என்பதற்கான அடையாளம். வீட்டுச் செலவில் எடுக்கிற துணியை நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில், உங்கள் கணவரே தம் கையால் கொடுக்கட்டும். நீங்கள் கொடுத்தால் அது வேறு கணக்காகப் பார்க்கப்படும்.

மகளின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள். பொங்கலை அடுத்துத் தை அமாவாசை வருகிறது. அன்று உன் அப்பாவைப் பெற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படைப்போம் என்று சொல்லி, அப்படியே அழைத்தும் போங்கள். அவர் படம் ஒன்று இந்த வீட்டில், பூஜை அறையில் முடியாவிட்டால் அவள் புத்தக அலமாரியிலாவது இருக்கட்டும். இதை மாமியாரிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. மூத்த பெண்ணிடமும், உடன் வருகிறாயா என்று ஒரு முறை மட்டும் கேட்டுப் பாருங்கள். தாயை இழந்தவள் அவள். தங்கை ஏன் அப்படிக் கேட்டாள் என்பது அந்த 11 பேரில் அவளுக்குத் தெரிந்திருக்கும்.