சுவரில் மேலேறும் ஆறு

அன்புள்ள ஐயா,

மூதூர்ப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் தரம் நான்குக்குச் சுற்றாடல் பாடம் எடுக்கிறேன். சென்ற வாரம் இலங்கைத் தேசப்படத்தைச் சுவரில் மாட்டி, மகாவலி கங்கை மலைநாட்டில் பிறந்து நம் ஊர்க் கடலில் விழுகிறது என்று கம்பால் தொட்டுக் காட்டினேன். ஒரு பிள்ளை எழுந்து, "ரீச்சர், தண்ணீர் எப்படி மேலே ஏறும்?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. நான் புவியியலைத் தனிப் பாடமாகப் படித்தவள் அல்ல. காணொளிகள் காட்டினால் விளங்குமா? அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை; ஆறுகளின் பெயரைப் பாடமாக்கினால் போதாதா என்கிறார்கள் பெற்றோர்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சிரித்தவர்களைவிடக் கேட்ட பிள்ளைதான் படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறது. சுவரில் நுவரெலியா கீழே, மூதூர் மேலே. ஆறு சுவரில் ஏறத்தான் செய்கிறது.

இந்தக் குழப்பத்தில் நானும் வளர்ந்தவன். ஒன்பது வயதில் முதன்முதலாகத் திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போனேன். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை கடந்து மாத்தளைப் பக்கம் பஸ் முக்கி முனகி ஏறத் தொடங்கியதும் எனக்குக் காது அடைத்தது. தெற்கே போகிறோம், இறங்கத்தானே வேண்டும், ஏன் ஏறுகிறோம் என்று அப்பாவைக் கேட்டேன். வாந்தி வந்தால் சொல் என்றார்.

தமிழைக் கேட்டால் 'மேல்' வடக்கில் இல்லை. மேற்கில் மேல் இருக்கிறது, கிழக்கில் கீழ் இருக்கிறது. மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகச் சரிந்த தமிழகத்து நிலத்தைப் பார்த்து வந்த சொற்கள் என்பார்கள். எங்கள் கரைக்கும் அது பழுதில்லாமல் பொருந்துகிறது. வடக்கை மேலே ஏற்றியது சுவரில் அடித்த ஆணிதான்.

ஆகவே முதலில் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றித் தரையில் விரியுங்கள். படத்தின் வடக்கு, உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்புங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கடல் இருக்கும் பக்கம் கிழக்கு என்று திருகோணமலை நகரத்துப் பிள்ளைக்குச் சொல்லலாம், மூதூர்ப் பிள்ளைக்குச் சொன்னால் பிழைத்துவிடும். உங்களுக்குக் கொட்டியாரக் குடா வடக்கே கிடக்கிறது, குடாவுக்கு அப்பால் நகரம். பிள்ளைகள் குடாவைப் பார்த்து நின்றால் முகம் வடக்கு, முதுகுக்குப் பின்னால் எங்கோ மலைநாடு. கங்கைப் பாலத்தில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது களிமண். முற்றத்து நிழலில் ஒரு பலகை போட்டு, பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்து இலங்கையைச் செய்யச் சொல்லுங்கள். நாட்டின் நீளம் ஏறத்தாழ 432 கிலோமீற்றர், அகலம் 224. பலகையில் 43 சென்ரிமீற்றருக்கு 22 வரும். மலையை நட்டநடுவில் குவிக்க விடாதீர்கள். அது நடுவிலிருந்து தெற்கே தள்ளி இருக்கிறது, பாதிப் பாடம் அந்தத் தள்ளலில்தான் இருக்கிறது.

மலையை எவ்வளவு உயரம் வைப்பது? பீதுருதலாகலை 2,524 மீற்றர். இதே அளவுத்திட்டத்தில் கணக்குப் பார்த்தால் இரண்டரை மில்லிமீற்றர்! நாட்டின் மிக உயர்ந்த மலை ஓர் உளுந்தின் உயரத்துக்குக்கூடக் காணாது. அதில் தண்ணீர் ஓடாது என்பதால் ஐந்து சென்ரிமீற்றருக்கு உயர்த்துவோம், அதாவது இருபது மடங்கு பொய். அந்தப் பொய்யைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். சொல்லாத பாடநூல்களைப் பார்த்துத்தான் இலங்கை முழுக்கக் கூம்பு கூம்பாக நிற்கிறது என்று என் தலைமுறை நம்பியது.

பிறகு ஒரு சிரட்டையில் துளை போட்டு மழை பெய்விக்கலாம். உச்சியில் ஊற்றினால் தண்ணீர் நாலாபக்கமும் பிரியும். களனி மேற்கே கொழும்புக்கு, வளவை தெற்கே. களனி 145 கிலோமீற்றரில் கடலைப் பிடித்துவிடுகிறது. அதே மலைகளில் ஊறும் மகாவலி கண்டியைச் சுற்றிக் கிழக்கே இறங்கி, மினிப்பேயில் வடக்கே திரும்பி, 335 கிலோமீற்றர் ஓடி உங்களிடம் வருகிறது. ஏன் இத்தனை தூரம் என்று கேளுங்கள். மலை தெற்கே தள்ளி இருப்பதைக் கையால் செய்த பிள்ளை சொல்லிவிடும்.

இரண்டாவது மழையைத் தென்மேற்குப் பக்கம் மட்டும் ஊற்றுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை நாம் வெயிலில் காய்கிறோமே, அது ஏன் என்பதற்குக் காரணம் பலகையிலேயே இருக்கிறது. தென்மேற்குக் காற்று மலையில் ஏறும்போது அந்தப் பக்கமே நனைத்துவிட்டு, இறங்கும்போது காய்ந்து சூடேறி இங்கே கச்சானாக வீசுகிறது. உதடு வெடிக்க வைக்கும் கச்சானைத் தெரியாத மூதூர்ப் பிள்ளை உண்டா? எங்கோ பெய்த மழைக்கும் தன் உதட்டுக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தால் அது மறக்காது. சிரட்டையை வடகிழக்குப் பக்கம் கொண்டுவந்தால் நம் மாரி.

காணொளி காட்டலாம், ஆனால் இவ்வளவுக்கும் பிறகு. முதலிலேயே காட்டினால் அருவியை வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பெற்றோர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் எனக்கு மனமில்லை. பெயர் தெரியத்தான் வேண்டும். ஆனால் நூற்றுமூன்று ஆறுகள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அத்தனையையும் ஒப்புவிக்கச் சொல்லி எந்தப் பரீட்சையும் கேட்பதில்லை. பத்துப் பெயரைப் பலகையில் கொடி நட்டுப் பழக்கினால் ஒரு கிழமையில் முடிந்துவிடும்.

களிமண்ணைக் கங்கைக் கரையிலிருந்தே எடுத்து வரச் சொல்லுங்கள். மாரியில் ஆறு கலங்கி வருவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். மலையைச் செய்யும்போது அந்த மண்ணில் கொஞ்சம் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் ஆறு ஏறுவதைக் கண்ட பிள்ளை என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள்.